செல்ஃப் மோட்டார் மேல் உடனே பழி போடாதே

அன்புள்ள தம்பிக்கு,

மதுரை புதூர் ஐ.டி.ஐ. சான்றிதழோடு டூவீலர் பட்டறைக்குள் வந்திருக்கிறாய். இனி அன்றாடம் நீ கேட்கப்போகும் புகார் ஒன்று உண்டு: "அண்ணே, செல்ஃப் எடுக்க மாட்டேங்குது." இதைக் கேட்டதுமே மோட்டாரைக் கழற்ற ஓடுகிற கைகள் நம் ஊரில் நிறைய. அந்தப் பழக்கம் உனக்கும் ஒட்டிக்கொள்வதற்குள் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை காதுக்கு. பட்டனை அழுத்தச் சொல்லிவிட்டுக் குனிந்து கேள். சத்தமே இல்லையென்றால் மின்சாரம் ரிலேயை எட்டவில்லை, அல்லது ரிலேயின் காயில் போய்விட்டது. ஃபியூஸ், கில் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், ஸ்டாண்டு சுவிட்ச், பட்டனுக்குள் துரு என்று வரிசையாகத் தேடு. 'டகடக'வென்று அடித்துக்கொண்டால் பெரும்பாலும் பேட்டரி டவுன், இல்லையென்றால் டெர்மினல் லூஸ். ஒரே ஒரு 'டக்'கோடு நின்றுவிட்டால் ரிலே இழுக்கிறது. அதன் உள் காண்டாக்ட், தடித்த வயர், கார்பன் பிரஷ் இவற்றில் எங்கோ தடை. மோட்டார் 'விர்'ரென்று சுற்றியும் எஞ்சின் அசையவில்லையென்றால் மோட்டார் நிரபராதி. ஒன்வே கிளட்சைப் பார்.

அடுத்து மீட்டர். ஓய்ந்திருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டோ அதற்குச் சற்று மேலோ காட்டும். 12-க்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜ் போடு. அதுவரை மற்ற சோதனைகளை நம்ப முடியாது. ஆனால் ஓய்வில் காட்டும் எண் பாதிக் கதைதான். பட்டனை அழுத்தும்போது 9.5-க்குக் கீழே சரிந்தால், பேட்டரி சுமை தாங்கவில்லை, அல்லது மோட்டார் இறுகிப்போய் அளவுக்கு மீறி இழுக்கிறது. வேறொரு நல்ல பேட்டரியை வைத்தால் எது என்று தெரிந்துவிடும். 'டக்' கேட்டும் வோல்ட் இறங்கவே இல்லையென்றால், மோட்டாருக்குள் மின்சாரம் போகவில்லை.

நம்மவர்கள் அதிகம் மறப்பது எர்த். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை மோட்டாரின் உடம்பிலும் வைத்துப் பட்டனை அழுத்து. 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில் துருவோ தளர்வோ இருக்கிறது. உப்புத்தாளும் ஸ்பானரும் போதும். இந்தச் சின்ன வேலையைச் செய்யாததால் மாற்றப்பட்ட நல்ல மோட்டார்கள் ஏராளம்.

ரிலேயின் இரண்டு தடித்த முனைகளை ஸ்குரூடிரைவரால் இணைத்துப் பார்க்கும் வித்தையை யாராவது உனக்குக் காட்டுவார்கள். வண்டி நியூட்ரலில் இருக்கிறதா, பெட்ரோல் கசிகிறதா என்று பார்க்காமல் அதைச் செய்யாதே.

இவ்வளவுக்கும் பிறகுதான் மோட்டாரைக் கழற்று. திருமங்கலத்துக் கரிசல் புழுதி, மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் தூசி, ஐப்பசி மழையில் சுரங்கப்பாதையில் தேங்கும் தண்ணீர், வாட்டர் சர்வீஸில் அடிக்கும் பிரஷர், எல்லாம் ஓ-ரிங் தளர்ந்த மோட்டாருக்குள்தான் போய்ச் சேரும். பிரஷ் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, ஸ்பிரிங் அழுத்துகிறதா என்று பார். கம்யூட்டேட்டரின் தாமிரத் துண்டுகளுக்கு நடுவே கார்பன் தூள் அடைந்திருந்தால் சுரண்டி எடு. துண்டுக்குத் துண்டு மீட்டரில் தொடர்பு காட்ட வேண்டும். துண்டுக்கும் ஷாஃப்டுக்கும் காட்டக் கூடாது. காட்டினால் ஆர்மெச்சர் ஷார்ட். பிரஷ் மாற்றிப் பயனில்லை. மூடும்போது புது ஓ-ரிங் போடு.

கொஞ்சம் வரலாறும் தெரிந்துகொள். டி.வி.எஸ். நிறுவனர் டி.வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் தொழில் தொடங்கிய அதே 1911-இல், அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் காருக்கான மின்சார ஸ்டார்ட்டரை உருவாக்கிக்கொண்டிருந்தார். 1912 மாடல் கேடிலாக் கார்களில் அது வந்தது. எஞ்சினைச் சுழற்றப் பெரிய மோட்டார் வேண்டும் என்று மற்றவர்கள் எண்ணியபோது, சில நொடிகள்தானே, சிறிய மோட்டாரே அளவுக்கு மீறிய சுமையை இழுத்துவிடும் என்று அவர் கணக்குப் போட்டார். கீழமாசி வீதியில் மூட்டை தூக்குகிறவர் லாரியிலிருந்து கடைக்குள் வருவது போலத்தான். அதே மூட்டையோடு நாள் முழுக்க நிற்கச் சொன்னால் முதுகு போய்விடும். ஆகவே ஐந்து நொடிக்கு மேல் பட்டனைப் பிடிக்காதே, நடுவே இடைவெளி விடு. வாடிக்கையாளருக்கும் இதைச் சொல்லிக்கொடு.

வண்டிகளும் மாறிவிட்டன. 2017 ஏப்ரலிலிருந்து புது வண்டிகளில் ஹெட்லைட்டை அணைத்துச் சுமையைக் குறைக்க வழியில்லை. பிஎஸ்6 மாடல்கள் பலவற்றில் கிக்கரே கிடையாது. 2020-இல் வந்த ஆக்டிவா 6ஜியில் தனி செல்ஃப் மோட்டாரும் இல்லை. எஞ்சினைக் கிளப்புவதும் மின்சாரம் தருவதும் ஒரே கருவி. அங்கே கார்பன் பிரஷைத் தேடாதே, ஸ்கேனர் பழகு. மல்லிகை மூட்டையோடு விடியுமுன் மாட்டுத்தாவணிக்குக் கிளம்புகிறவரின் வண்டியில் கிக்கர் இல்லையென்றால், உன் தவறான கணிப்பு அவருடைய அன்றைய வியாபாரத்தையே கெடுத்துவிடும்.

கடைசியாக, பணம். நம் பட்டறைகளில் பாகம் மாற்றினால் காசு உண்டு. கோளாறைக் கண்டுபிடித்ததற்குக் கிடையாது. எர்த் வயரைச் சுத்தம் செய்தவன் டீக்காசோடு நிற்கிறான், தேவையில்லாமல் மோட்டார் மாற்றியவன் ஆயிரக்கணக்கில் பில் போடுகிறான். நேர்மையானவனையும் இது மெல்லக் கெடுக்கும். எனவே சோதனைக் கூலி இவ்வளவு என்று பலகையில் எழுதி மாட்டு. மீட்டர் காட்டும் எண்ணை வாடிக்கையாளரும் பார்க்கட்டும். மாற்றிய பழைய பாகத்தை அவர் கையிலேயே கொடு. சிலர் முணுமுணுப்பார்கள், சிலர் அடுத்த கடைக்குப் போவார்கள், போகட்டும். கண்டுபிடிப்பதற்குக் கூலி கேட்கக் கூச்சப்படாதே. உன் தொழிலே அதுதான்.

அன்புடன்,
உன் அண்ணன்