மணலடி நன்னீர்

உரைநடை உலகம்

நுழையும்முன்

உப்புக்காற்று வீசும் கடற்கரையில் கனிமரங்கள் தழைக்குமா? மணல்நிலத்தில் காய்கறிப் பாத்தி பசுமை கொள்ளுமா? இவ்வினாக்களுக்கு வட சென்னையின் கடலோர நிலம் விடை தருகிறது. அவ்விடையை அறிய, நாம் முதலில் மணலுக்கு அடியிலுள்ள நீரைப் பற்றி அறிதல் வேண்டும்.

காட்டுப்பள்ளி

எண்ணூர்க் கழிமுகத்திற்கு வடக்கே, பழவேற்காட்டை நோக்கி நீண்டு கிடக்கும் மணல்திட்டு காட்டுப்பள்ளி. கிழக்கே வங்கக்கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழிகளும், தெற்கே கொசத்தலையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரம். நீர் சூழ்ந்து கிடப்பதால் இதனைத் தீவு என்றே வழங்குவர். இன்று துறைமுகமும் கப்பல் கட்டும் தளமும் அமைந்துள்ள இத்திட்டில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2010ஆம் ஆண்டு செயற்படத் தொடங்கியது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நீரைத் தரும் வகையில் அது அமைக்கப்பட்டது. ஆயினும், மனிதர் இயந்திரம் அமைப்பதற்கு நெடுங்காலம் முன்னரே இயற்கை இங்கே நன்னீரைச் சேமித்து வந்துள்ளது.

மிதக்கும் நன்னீர்

சென்னைப் பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கும் மேற்பட்டது வடகிழக்குப் பருவமழையால் கிடைப்பது. மணலில் விழும் மழைநீர் விரைந்து கீழிறங்கும். நன்னீரைவிடக் கடல்நீர் அடர்த்தி மிக்கது. ஆதலால் இறங்கிய நன்னீர், அடியிலுள்ள உப்புநீரின் மீது குவிவில்லை போன்ற வடிவில் மிதந்து நிற்கும். கடல்மட்டத்திற்கு மேல் ஒரு மீட்டர் உயரம் நன்னீர் நின்றால், கடல்மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது அறிவியல் கணக்கு. அக்கணக்கின் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நீர்மட்டம் ஒரு மீட்டர் தாழ்ந்தால், காலப்போக்கில் உப்புநீர் 40 மீட்டர் மேலேறக்கூடும்.

இது வெறுங்கணக்கு அன்று. காட்டுப்பள்ளிக்கு மேற்கேயுள்ள மீஞ்சூர்ப் பகுதியில், நகரின் தேவைக்காகவும் தொழிற்சாலைகளுக்காகவும் வேளாண்மைக்காகவும் நிலத்தடி நீர் பல ஆண்டுகள் மிகுதியாக எடுக்கப்பட்டது. அதன் விளைவாகக் கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் தொலைவு உட்புகுந்தது. இனிப்பாக இருந்த கிணறுகள் உவர்த்தன.

மரமும் உப்பும்

மண்ணிலுள்ள நீரில் உப்பு மிகுந்தால், வேர் நீரை உறிஞ்ச இயலாது தவிக்கும். நீர் அருகிலிருந்தும் செடி வாடும், இலைநுனி கருகும். இத்துன்பத்தை எல்லாப் பயிர்களும் ஒரே அளவில் தாங்குவதில்லை. பனையும் தென்னையும் உவர்ப்பை நன்கு தாங்குவன. சப்போட்டாவும் இலந்தையும் ஓரளவு தாங்கும். எலுமிச்சை, மா, வாழை ஆகியன எளிதில் நலிவுறும். காய்கறிகளில் பீட்ரூட் தாங்கும். அவரையினம், வெங்காயம், கேரட் தாங்கா. எனவே, கிணற்றுநீரின் தன்மையறிந்து கன்றினைத் தேர்தலே கடலோர உழவின் முதற்பாடம்.

காக்கும் முறைகள்

கடற்காற்றைத் தடுக்கப் பூவரசு, புன்னை முதலியவற்றை வேலிமரங்களாக நடலாம். மணல் நீரைத் தங்கவிடாது. ஆதலால் மக்கிய எருவும் தென்னைநார்க் கழிவும் கலந்து அதனைச் செழுமைப்படுத்துதல் வேண்டும். தென்னைநார்க் கழிவில் உப்பு இருக்கலாம். நன்னீரில் கழுவிய பின்னரே அதனைப் பயன்படுத்துக. வேரடியில் சருகுகளால் மூடாக்கு இட்டால் நீர் ஆவியாவது குறையும். மேற்பரப்பில் உப்புப் படிவதும் குறையும். கன்றுகளைப் பருவமழையின் தொடக்கத்தில் நட்டால், கோடைக்கு முன் அவை வேரூன்றிவிடும். காசிமேட்டுச் சந்தையில் கழிக்கப்படும் மீன்குடலும் செதிலும் வெல்லத்தோடு சேர்த்து நொதிக்கவைக்கப்பட்டால் மீன் அமிலம் என்னும் ஊட்டக்கரைசலாகும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. தொழிற்சாலைக் கழிவோ நிலக்கரிச் சாம்பலோ படிந்த மண்ணிலுள்ள நச்சு உலோகங்களைக் கீரைகள் ஈர்த்துக்கொள்ளும். அத்தகைய இடங்களில், தூய மண் நிரப்பிய தொட்டிகளில் வளர்ப்பதே நன்று.

நம் கடமை

50 சதுர மீட்டர் மொட்டைமாடியில் ஓராண்டில் விழும் மழை ஏறத்தாழ 70,000 லிட்டர். திருவொற்றியூரிலோ இராயபுரத்திலோ உள்ள ஒரு வீடு இந்நீரைச் சாக்கடையில் விட்டால் அது கடலுக்குப் போய்ச் சேரும். மணலுக்குள் விட்டால் உப்புநீரைக் கீழே அழுத்தி நிற்கும். மழைநீர்ச் சேகரிப்பு அமைப்பு 2003ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்டது. அவ்வமைப்பைத் தூர்ந்துபோக விடாது காப்பது நம் கையில் உள்ளது. முற்றத்து முருங்கை காய்ப்பதும் பொய்ப்பதும், கண்ணுக்குத் தெரியாத அந்நன்னீரை நாம் பேணும் முறையைப் பொறுத்தது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டு மாடியின் பரப்பை அளந்து, ஓராண்டில் அதில் விழும் மழைநீரின் அளவைக் கணக்கிடுக.

2. உங்கள் பகுதியிலுள்ள கிணறுகளின் நீர்ச்சுவை எவ்வாறு மாறியுள்ளது என்பதை முதியோரிடம் கேட்டறிந்து கட்டுரையாக்குக.