பியூஸ் கட்டையில் தடித்த கம்பி

பூதிகோட்டையில் ஒரு மார்கழி விடியற்காலை. நல்ல குளிர். அக்கா வாளியில் தண்ணீர் பிடித்தார். ஹீட்டர் கம்பியை அதில் வைத்து சுவிட்சைப் போட்டார். அதே நேரம் மகன் பள்ளிச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

சட்டென்று வீடு இருண்டது. பியூஸ் போய்விட்டது.

அந்த வாரத்தில் இது மூன்றாம் முறை. மகனுக்குக் கோபம் வந்தது. பழைய ஒயரைக் கடித்து, உள்ளே இருந்த செம்புக் கம்பியை உருவினான். மூன்று இழைகளை முறுக்கி பியூஸ் கட்டையில் கட்டினான். விளக்கு எரிந்தது.

"இனிமேல் பியூஸ் போகாதும்மா" என்றான்.

அவன் சொன்னது சரிதான். பியூஸ் போகவில்லை. நான்காம் நாள் சுவிட்சு பலகையிலிருந்து தீய்ந்த வாடை வந்தது. பலகையைத் தொட்டால் சுட்டது. அக்கா பயந்துபோய் மெயினை அணைத்தார். ஒயர்மேனைக் கூட்டிவரச் சொன்னார்.

ஒயர்மேன் பியூஸ் கட்டையைக் கழற்றிப் பார்த்தார்.

"யார் இந்தக் கம்பியைக் கட்டியது?"

"பையன்தான் தம்பி. அடிக்கடி போகுது என்று கட்டினான்."

"போகட்டும் அக்கா. போவதற்குத்தான் பியூஸ் இருக்கிறது. கரண்டு அதிகமாக ஓடினால் ஒயர் சூடாகும். கரண்டு இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். ஒயர் தீய்வதற்கு முன்னால் பியூஸ் கம்பி உருகி அறுந்துவிட வேண்டும். இவன் கட்டிய கம்பி அறுகாது. அதனால் சுவருக்குள் ஓடும் ஒயர் வேகிறது. மேல் தோல் இளகும். இரண்டு கம்பியும் ஒட்டும். பொறி பறக்கும். பக்கத்தில் துணியோ, ஓலையோ, மூங்கில் தட்டியோ இருந்தால் பிடித்துக்கொள்ளும்."

மகன் கேட்டான்: "எவ்வளவு ஓடினால் அதிகம் அண்ணா?"

ஒயர்மேன் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கணக்குப் போட்டார். விளக்கு லைனுக்கு 5 ஆம்பியர் பியூஸ். நம் வீட்டுக் கரண்டு 230 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 1150 வாட். அந்த லைன் தாங்குவது அவ்வளவுதான். ஹீட்டர் 1500 வாட். இஸ்திரிப் பெட்டி 1000 வாட். இரண்டும் சேர்ந்து 2500. தாங்க வேண்டியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல்! நீங்களும் உங்கள் வீட்டு ஹீட்டரின் மேல் எத்தனை வாட் என்று எழுதியிருக்கிறது, பாருங்கள்.

ஒயர்மேனின் அப்பா தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்குக் கரண்டு புதிதல்ல. காவிரியில் சிவசமுத்திரம் அருவியில் மின்சாரம் எடுத்து, ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து, 1902-ல் தங்கவயல் சுரங்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். பெங்களூர்த் தெருக்களுக்கே 1905-ல்தான் மின்விளக்கு வந்தது. சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. கரண்டு மட்டும் வீடு வீடாக இருக்கிறது. பழகிய பொருள் என்றால் பயம் விட்டுப்போகிறது. அதுதான் வம்பு.

"இப்போது என்ன செய்வது தம்பி?"

"ஹீட்டருக்குத் தனி லைன் இழுக்க வேண்டும். ஒயர் தடிமனாக, 2.5 சதுர மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். பிளக் பாயிண்டும் பெரியதாக, 16 ஆம்பியர் இருக்க வேண்டும். தீய்ந்த ஒயரை மாற்றிவிடலாம். டேப் சுற்றி ஒப்பேற்றக் கூடாது."

பியூஸ் கட்டைக்குப் பதிலாக எம்.சி.பி. சுவிட்சு வைத்த வீடுகளும் உண்டு. கரண்டு மிஞ்சினால் அது தானாக விழும். விழுந்ததும் திரும்பத் திரும்பத் தூக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்று இழை கட்டியவனுக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் இல்லை.

"தீ பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றலாமா?" என்று அக்கா கேட்டார்.

"கூடவே கூடாது. தண்ணீர் வழியாகக் கரண்டு உங்களைப் பிடிக்கும். முதலில் மெயினை அணையுங்கள். பிறகு மணல் போடுங்கள். மெயினிடம் போக முடியாவிட்டால் எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். 101 அல்லது 112-க்குப் போன் செய்யுங்கள்."

ஒயர்மேன் மூன்று இழைகளையும் பிரித்து எடுத்தார். கடையில் விற்கும் 5 ஆம்பியர் பியூஸ் கம்பி ஒன்றைக் கட்டினார். தீய்ந்த ஒயரை மாற்றினார். அதன் பிறகுதான் மெயினைப் போட்டார்.

தனி லைனுக்குப் பணம் சேர ஒரு மாதம் ஆகும். அதுவரை ஹீட்டரை அக்கா பரண்மேல் வைத்துவிட்டார். மறுநாள் விடியலில் கொல்லைப்புறத்தில் விறகு அடுப்பு புகைந்தது. மகன்தான் ஊதிக்கொண்டிருந்தான்.