கிணற்றுக் கணக்கும் வழக்கறிஞர் பணியும்

ஆற்றில் ஆலைக் கழிவு கலந்தால் ஊரார் கூடி மனு எழுதுகிறோம். விடை வராவிடில் சலித்து விட்டுவிடுகிறோம். நீதிமன்றத்தில் நிலைக்கக்கூடிய முறையீடு எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை அறிய, திரு. எம். சி. மேத்தா என்னும் வழக்கறிஞரின் பணியை ஊராட்சி உறுப்பினர்கள் கற்பது பயன் தரும்.

ஜம்முப் பகுதியைச் சேர்ந்த இவர், உச்ச நீதிமன்றத்தில் வழக்காடுவதற்காக 1983-ல் தில்லிக்கு வந்தார். 1984-ல் ஆக்ராவில் தாஜ் மகாலின் பளிங்கு ஆலைப்புகையால் மஞ்சள் பாய்ந்திருக்கக் கண்டு, அவ்வாண்டே வழக்குத் தொடுத்தார். அடுத்த ஆண்டு கங்கை வழக்கு வந்தது. அதன்பின் நீரும் காற்றும் பற்றிய வழக்குகளே அவருடைய தொழிலாயின. தாஜ் வழக்கின் தீர்ப்பு 1996 டிசம்பர் 30-ஆம் நாள்தான் கிடைத்தது. பன்னிரண்டு ஆண்டுகள்! வரும்படியை மட்டும் எண்ணுபவர் இவ்வழியில் அடியெடுத்து வைக்கமாட்டார்.

கங்கை வழக்கில் கான்பூர்த் தோல் தொழிற்சாலைகளைப் பற்றி 1987-ல் நீதிமன்றம் கூறியது கவனிக்கத்தக்கது. குறைந்தபட்சக் கூலி கொடுக்க இயலாத ஆலை எவ்வாறு நடக்க இயலாதோ, அவ்வாறே கழிவைத் தூய்மை செய்ய இயலாத ஆலையும் நடக்கலாகாது என்பது அதன் கருத்து.

நமக்கு நெருக்கமானது பாலாற்று வழக்கு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் தொடுத்த இவ்வழக்கில் திரு. மேத்தா அவர்கள் வாதாடினார்கள். 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. அதில் எடுத்துக்காட்டப்பட்ட சான்றுகளைப் பாருங்கள். தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமற் போனதை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் கண்டது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஊராட்சி ஒன்றியங்களின் 13 கிராமங்களில் தொண்டு நிறுவனம் ஒன்று கிணறுகளை எண்ணியது. 467 கிணறுகளில் 350 கெட்டிருந்தன. "தண்ணீர் கெட்டுவிட்டது" என்று ஆயிரம் பேர் கையொப்பமிடுவதைக் காட்டிலும் இந்த இரண்டு எண்கள் வலியவை என்பது என் கருத்து.

மாசு செய்தவரே நட்டத்தை ஈடு செய்ய வேண்டும், தீங்கில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் ஆலையினருடையதே என்று தீர்ப்பு விதித்தது. எனினும் இழப்பீடு முழுமையாகச் சேரவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு தரவும், அதனை மாசு செய்தோரிடம் வசூலிக்கவும் ஆணையிட நேர்ந்தது.

ஆகவே ஊராட்சிதோறும் கிணற்றுப் பதிவேடு ஒன்று இருத்தல் நலம். புல எண், உரிமையாளர் பெயர், நீர்மட்டம், நீரின் நிறமும் சுவையும், பட்டுப்போன பயிர் ஆகியவற்றைக் கோடையில் ஒருமுறையும் மழைக்குப் பின் ஒருமுறையும் எழுதலாம். மாதிரி எடுக்கும் கலத்தை அக்கிணற்று நீரிலேயே மும்முறை அலசி, நிரப்பி மூடி, நாளும் புல எண்ணும் எழுதி ஒட்ட வேண்டும். உப்பின் அளவை வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் அறியலாம். குரோமியம் போன்றவற்றுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆய்வகத்தை அணுக வேண்டும். இதனைப் பலர் அறியாமல் அலைகின்றனர். ஆய்வறிக்கையின் எண்ணைப் பதிவேட்டிற் குறித்து, அடுத்த கிராம சபையில் படித்துத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றிவிடுங்கள்.