பாடகர் குழுவில் சேர வந்திருக்கும் பிள்ளைக்கு

கண்ணு, டிசம்பர் நெருங்கினால்தான் பாடகர் குழுவுக்குப் புது முகங்கள் வரும். நீயும் சேரப்போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். கிறிஸ்துமஸ் இரவுத் திருப்பலியில் முன்வரிசையில் நிற்கவேண்டும் என்ற ஆசை இருக்கும், இருக்கட்டும். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் தொடங்கி ஈப்போ வரைக்கும் பாடிப் பாடித் தொண்டை தேய்ந்தவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

1. ஒத்திகைக்கு வா. திருவிழாவுக்கு மட்டும் வருகிறவன் விருந்தாளி, ஒத்திகைக்கு வருகிறவன்தான் வீட்டுக்காரன். ஈப்போவில் ஆண்டுக் கடைசியில் சாயங்காலமானால் மழை பிடித்துக்கொள்ளும், அதனால் வராமல் இருக்கக் காரணம் தேடவே வேண்டாம். தோட்டத்தில் எங்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர் பள்ளிக்கூட வாத்தியார். பாட வந்தவர்களோ விடியுமுன் பேர் கூப்பிடும் பிரட்டுக்கு எழுந்து, ரப்பர் மரத்தில் பால் வெட்டிச் சுமந்து ஓய்ந்தவர்கள். ராத்திரி எட்டு மணிக்கு மண்ணெண்ணெய் விளக்கடியில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். தூங்கி விழுந்தாலும் விழுவார்களே தவிர எழுந்து போகமாட்டார்கள். பாதிப் பேருக்குக் குரல் சுமார்தான். ஆனாலும் குழு நின்றது அவர்களால்தான்.

2. தொண்டையைக் கிழிக்காதே. பால்மரம் வெட்டுகிறவர் உளியை எப்படி ஓட்டுவார் தெரியுமா? பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவுவார். பால் ஓடுவது பட்டையில்தான். அவசரப்பட்டு ஆழமாக இழுத்தால் உளி மரத்தைத் தொட்டுவிடும். அங்கே காயம் பட்டால் புதுப்பட்டை முடிச்சு முடிச்சாகத்தான் வளரும், பிறகு அந்த இடத்தில் உளி ஓடாது. குரலும் அப்படித்தான். முதல் வாரமே உச்சத்தில் கத்தியவர்கள் கிறிஸ்துமஸ் இரவன்று வெந்நீர்ப் புட்டியோடு மூலையில் நின்றதை நிறையப் பார்த்துவிட்டேன். ஒத்திகைக்குப் பாதிக் குரல் போதும். ஐஸ் கோப்பியைப் பற்றி ஆளுக்கொன்று சொல்வார்கள். நான் குடிப்பதில்லை.

3. பக்கத்தில் நிற்பவரின் குரல் உன் காதில் விழவேண்டும். விழவில்லையென்றால் உன் சத்தத்தைக் குறை. நீண்ட வரியை ஒரே மூச்சில் பாட யாராலும் முடியாது. எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினால் பாட்டில் பள்ளம் விழுந்துவிடும். அவர் இங்கே வாங்கினால் நீ இரண்டு சொல் தள்ளி வாங்கு. சத்தமில்லாமல் விலகி, சத்தமில்லாமல் வந்து சேர்ந்துகொள். கேட்கிறவர்களுக்கு முழுக் குழுவும் மூச்சே விடாமல் பாடுவதுபோல இருக்கும். எங்கள் டெனர் வரிசையில் இரண்டு பெரியவர்கள் இருந்தார்கள். வேலித் தகராறில் பேச்சுவார்த்தை நின்று பல வருஷம் ஆகியிருந்தது. நிற்பது மட்டும் பக்கத்துப் பக்கத்தில். ஒருவர் எங்கே மூச்சு வாங்குவார் என்று மற்றவருக்கு அத்துப்படி. ஒரு நாளும் இருவரும் சேர்ந்து வரியைக் கைவிட்டதில்லை. கடைசியில் சமாதானம் ஆனார்களா என்று கேட்காதே, ஆகவில்லை.

சுருதி விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். ஒரே சுரம் திரும்பத் திரும்ப வரும் இடத்தில் குழு அலுத்துப்போய்க் கீழே இறங்கும். கீபோர்டு இல்லாமல் மூன்று சரணம் பாடிவிட்டு நாலாவதுக்குக் கீபோர்டு சேரும்போதுதான் எவ்வளவு இறங்கினோம் என்று தெரியும். பழியைப் பேஸ் வரிசைமேல் போடுவது வழக்கம். நீ போடாதே.

4. நடத்துகிறவரின் கையைப் பார். தகரக் கூரை மண்டபத்தில் மழை கொட்டினால் கீபோர்டும் கேட்காது, பக்கத்து ஆளும் கேட்காது. காகிதத்தில் முகத்தைப் புதைத்தவர்கள் அப்போது தொலைந்துபோவார்கள்.

5. பொருள் தெரியாமல் பாடாதே. என் சிறுவயதில் திருப்பலி லத்தீனில்தான். தோட்டத்துப் பெண்கள் லத்தீன் பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு கணீரென்று பாடுவார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் தாய்மொழி வழிபாட்டுக்கு வழிவிட்டது. சில ஆண்டுகளில் எல்லாம் தமிழுக்கு வந்தபோது என் அம்மா, "இத்தனை நாளும் இதையா பாடிக்கொண்டிருந்தோம்!" என்றார். இன்றைக்கு ஒரே இரவில் தமிழும் ஆங்கிலமும் மலாயும் மாண்டரினும் பாடுகிறோம். மாண்டரின் வரிக்கு என்ன பொருள் என்று பக்கத்துச் சீனப் பிள்ளையிடம் கேள். தமிழ் வரிக்குப் பொருளை அவளுக்கு நீ சொல். அப்படிச் சொல்லும்போது குறில் நெடிலையும் சொல்லிக்கொடு. மெட்டுக்காகக் குறிலை இழுத்துக் கெடுப்பதில் நம் பிள்ளைகளும் சளைத்தவர்கள் இல்லை.

6. தனிக்குரல் வரி யாருக்கு என்ற சண்டை வருஷா வருஷம் வரும். முகங்கள் தொங்கும், அம்மாக்கள் போன் பேசுவார்கள். ஒரு வருஷம், நெடுநாள் பாடிவந்த அக்காவிடமிருந்து அந்த வரி ஒரு சின்னப் பெண்ணுக்குப் போனது. அடுத்த ஒத்திகைக்கு அக்கா வரமாட்டார் என்றுதான் நினைத்தோம். வந்தார். அந்தப் பெண்ணை வாசலில் நிறுத்தி, எந்தச் சொல்லில் குரல் உடையும், எங்கே எச்சில் விழுங்கிக்கொள்ளவேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். பாட்டு நன்றாக இருந்ததா என்பது எனக்கு மறந்துபோயிற்று.

7. காத்திரு. திருவருகைக் காலம் நான்கு வாரம். அந்த ஞாயிறுகளில் வானவர் கீதம் கிடையாது. ஒத்திகையில் மட்டும் பாடி, கோயிலில் பாடாமல் வைத்திருந்து, கிறிஸ்துமஸ் இரவில் எடுப்போம். ஈப்போவின் பேரங்காடிகளுக்கு அந்தப் பொறுமை இல்லை. நவம்பரிலேயே பஞ்சுப் பனியைத் தூவிவிட்டு ஒலிபெருக்கியைத் திறந்துவிடுகிறார்கள்.

8. கருவிகளைக் குறை சொல்லி நேரம் போக்காதே. உலகமே பாடும் 'சைலண்ட் நைட்' பாட்டை 1818 கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவில், ஆஸ்திரியாவின் ஓபர்ண்டோர்ஃப் ஊர்க் கோயிலில் முதலில் பாடியவர்கள் உதவிக் குரு ஜோசப் மோரும் பள்ளிக்கூட வாத்தியார் ஃப்ரான்ஸ் க்ரூபரும்தான். கையில் இருந்தது ஒரு கித்தார். அங்கேயும் வாத்தியார்தான், பார்த்தாயா?

9. வீடு வீடாகக் கேரல் போகும்போது படுக்கையில் இருப்பவரின் வீட்டுக்கு முதலில் போ. புந்தோங் வட்டாரத்தில் பக்கத்து வீட்டில் மார்கழி என்று விடியற்காலையில் எழுந்து திருவெம்பாவை பாடுகிறவர்கள் இருப்பார்கள், அதனால் அந்தத் தெருவில் பத்து மணிக்குமேல் தாளம் வேண்டாம். கொடுக்கிற முறுக்கையும் கேக்கையும் மறுக்காதே. எல்லா வீட்டிலும் வயிறு நிறையவும் தின்னாதே, மூச்சு பிடிக்காது.

10. பாட்டு நோட்டைப் பத்திரமாக வை. ஏன் என்று சொல்கிறேன். பாகான் செராயில் ரெனே ஃபே என்ற பிரெஞ்சுக் குரு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கென்றே குடியிருப்பு அமைத்தார். தோட்டத்துக்காரர்களுக்கு அப்படிக் காலூன்ற இடம் இல்லை. 1969க்குப் பிறகு அரசாங்கம் வேலை அனுமதிச் சீட்டு கேட்டபோது, குடியுரிமை இல்லாத எத்தனையோ பேர் பினாங்கில் ரஜூலா கப்பலேறி நாகப்பட்டினம் போனார்கள். எங்கள் ஆல்டோ வரிசையில் பெரிய ஓட்டை விழுந்தது. அப்புறம் தோட்டங்கள் துண்டாகின, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, மிஞ்சியவர்கள் பட்டணத்துக்கு வந்தோம். கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது. எங்கள் லயத்து வீடுகள் நிற்கவில்லை. கப்பலேறிய ஒரு பாட்டி விட்டுப்போன நோட்டு என்னிடம் இருக்கிறது. ஒரு பாட்டுக்கு மெட்டு எழுதவில்லை, இப்போது யாருக்கும் தெரியாது. ஆகையால் நீ மெட்டையும் குறித்து வை. பென்சிலால் எழுதாதே.

வியாழக்கிழமை ஏழரை மணிக்கு ஒத்திகை. பசியாறிவிட்டு வா. முடிந்ததும் எதிர்க்கடையில் கோப்பி, அவரவர் காசு. முதல் நாள் மட்டும் உன்னுடையதை நான் கொடுக்கிறேன்.