பச்சை இலையும் மறைந்த நோயும்

இலை பசுமையாகவும் கிளை செழிப்பாகவும் இருந்தால் மரத்துக்கு நோயில்லை என்னும் நம்பிக்கை எங்கும் உண்டெனினும், அதனால் விளையும் நஷ்டத்தை மடுல்சீமையைப் போல் அறிந்திருக்க வேண்டிய பிரதேசம் வேறில்லை. ஏனெனில், இலங்கையின் கோப்பிப் பயிரையே அழித்த இலைத்துரு நோய் 1869இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது இந்த மலைகளில்தான். மண்ணின் சாரம் குன்றியதும் பருவக்கோளாறுமே காரணமென்று துரைமார் பலர் சாதித்துக்கொண்டிருக்க, 1880இல் வந்த மார்ஷல் வார்ட் என்னும் இளம் விஞ்ஞானி, பூஞ்சண வித்து இலையின் சுவாசத் துவாரம் வழியே புகுந்து, மஞ்சட்பொட்டு வெளித்தோன்றும் முன்பே உள்ளே மறைந்து வளர்வதை நுணுக்குக்காட்டியின் துணைகொண்டு நிரூபித்தார்.

இன்று லயத்துக் கொல்லைகளில் நிற்கும் தோடைமரத்துக்கு இவ்வுண்மை இன்னும் அதிகமாகப் பொருந்தும். கிரீனிங் என்னும் நோயின் பற்றீரியா, பட்டையினுள் உணவு செல்லும் குழாய்களில் மாதக்கணக்காகவும், சில சமயம் வருஷக்கணக்காகவும், யாதோர் அடையாளமுமின்றித் தங்கும்; அக்காலத்தில், நன்றாகக் காய்க்கிற மரமாயிற்றே என்று அயலார் ஆசையோடு வெட்டிச் செல்லும் ஒட்டுமொட்டுகளும் நோயைச் சுமந்து செல்லக்கூடும். ஒட்டின் வழியே இது தொற்றும் என்பதைச் சீனத்து லின் குங் ஷியாங் 1956இலேயே காட்டிவிட்டார். தளிரில் சாறுறிஞ்சும் சைலிட் என்னும் சிறு பூச்சியும் இதைப் பரப்பும்.

இலை மஞ்சளித்தால் உரம் போதவில்லை என்பது மற்றோர் அபிப்பிராயம். பாதி உண்மையாதலால் இதுவே அதிக அபாயகரமானது. நாகச்சத்துக் குறைந்த இலையில் நடுநரம்பின் இருபுறமும் மஞ்சள் ஒரே ஒழுங்கில் அமையும். கிரீனிங் பற்றிய இலையிலோ ஒரு பாதியின் திட்டு மறுபாதியில் இராது. சந்தேகமான இலையின் மேற்புறத்தை அரத்தாளால் தேய்த்து, அத்தாளைச் சிறிது நீரில் அலசி, அந்நீரில் அயடீன் துளி விடும்போது நீர் கருக்குமாயின், குழாய்கள் அடைபட்டு இலையில் மாப்பொருள் தேங்கியிருக்கிறதென்று கொள்ளலாம். ஆயினும், பட்டை காயப்பட்ட கிளையிலும் இத்தேக்கம் நேருமாதலால், முடிவான தீர்ப்புக்கு ஆய்வுகூடத்துப் பி.சி.ஆர். பரீட்சையே வேண்டும்.

ஓரிலையில் நோய் காணப்படாவிட்டால் மரம் முழுதும் சுத்தம் என எண்ணுவதும் பிழை. பற்றீரியா மரமெங்கும் சமமாகப் பரவியிராது. ஆதலால் நாற்புறக் கிளைகளிலிருந்தும் இலை பறித்து, காலம் விட்டு மறுபடியும் பரீட்சிக்க வேண்டும். இச்செலவை, கொல்லையில் ஒரே ஒரு மரம் வைக்க இடமுள்ள தொழிலாளியின் தலையில் ஏற்றுவது நியாயமன்று. தாய்மரத்தைப் பரீட்சிக்கும் கடமை கன்று விற்கும் நாற்றுமேடைக்கே உரியது. ஒட்டுக்கன்று வாங்குவோர் அதன் தாய்மரம் எங்குள்ளது, எப்பொழுது பரீட்சிக்கப்பட்டது என்று தயங்காமல் கேட்கவேண்டும். நோய் பற்றிய மரத்தைக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை.