வலிக்காத புண்

அவர் ஒரு காய்கறி வியாபாரி. வயது 52. பெங்களூரில் தள்ளுவண்டி வைத்திருக்கிறார். விடிவதற்கு முன்பே மார்க்கெட்டுக்குப் போவார். மதியம் வரை தெருத்தெருவாக நடப்பார். பத்து ஆண்டுகளாக அவருக்குச் சர்க்கரை நோய். மாத்திரையைச் சில நாள் போடுவார். சில நாள் மறந்துவிடுவார்.

ஒருநாள் வியாபாரம் முடிந்து வீட்டுக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். உள்ளே நடந்தார். தரையில் ரத்தக் கறை! மனைவிதான் முதலில் பார்த்தார்.

“ஏங்க, காலைக் காட்டுங்க!”

பாதத்தில் ஓட்டை. செருப்பைத் திருப்பிப் பார்த்தார் மனைவி. அடியில் ஓர் ஆணி ஏறி இருந்தது. காலையிலிருந்து அந்த ஆணியோடுதான் அவர் நடந்திருக்கிறார்.

“வலிக்கவே இல்லையே!” என்றார் அவர்.

மஞ்சள் வைத்துத் துணி கட்டினார்கள். மறுநாளும் அவர் வண்டி தள்ளினார். பத்து நாள் போயிற்று. பாதம் வீங்கியது. இரண்டாவது விரல் கறுத்தது. கெட்ட நாற்றம் வந்தது. காய்ச்சலும் வந்தது. அப்போதும் வலி அதிகம் இல்லை. பிறகுதான் அரசு மருத்துவமனைக்குப் போனார்கள்.

கத்தி வைத்தால் ஆறாதா?

டாக்டரம்மா காலைப் பார்த்தார். “ஐயா, இன்றே அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும்” என்றார்.

அவர் பயந்துவிட்டார். “வேண்டாம் டாக்டரம்மா. சர்க்கரை உடம்பில் கத்தி வைத்தால் ஆறாதாம். எங்கள் தெருவில் ஒருவருக்கு முதலில் விரலை எடுத்தார்கள். பிறகு காலையே எடுத்துவிட்டார்கள்.”

டாக்டரம்மா கோபப்படவில்லை. ஒரு கேள்வி கேட்டார். “ஐயா, கூடையில் ஒரு தக்காளி அழுகிவிட்டது. என்ன செய்வீர்கள்?”

“எடுத்து எறிவேன். இல்லையென்றால் கூடை முழுவதும் கெட்டுவிடுமே.”

“காலும் அப்படித்தான். உள்ளே சீழ் இருக்கிறது. செத்த சதை இருக்கிறது. மருந்து மட்டும் கொடுத்தால் அங்கே போய்ச் சேராது. கெட்டதை எடுத்தால்தான் நல்ல சதை வளரும். கத்தி வைத்ததால் புண் ஆறாமல் போவதில்லை. சீழ் உள்ளே நின்றால் ஆறாது. ரத்தம் ஓடாவிட்டால் ஆறாது. சர்க்கரை கூடியே இருந்தால் ஆறாது. இந்த மூன்றையும் சரிசெய்ய வேண்டும். அவர் எப்போது மருத்துவமனைக்கு வந்தார், தெரியுமா?”

அவர் யோசித்தார். “மாதக்கணக்கில் வீட்டிலேயே வைத்தியம் பார்த்தார்” என்றார் மெதுவாக.

மனைவி அவர் கையைப் பிடித்தார். “சரி சொல்லுங்க. கால் இருந்தால்தான் வண்டி ஓடும்” என்றார். அவர் சம்மதித்தார்.

ஏன் வலிக்கவில்லை?

சர்க்கரை பல ஆண்டுகள் கூடியே இருந்தால் நரம்புகள் கெடுகின்றன. கால் மரத்துப் போகிறது. முள் குத்தினால் தெரியாது. சூடு பட்டாலும் தெரியாது. தூங்கும்போது எலி கடித்தால்கூடச் சிலருக்குத் தெரிவதில்லை.

ரத்தக் குழாய்களும் அடைத்துக்கொள்கின்றன. காலுக்குப் போதிய ரத்தம் போவதில்லை. அதனால் புண் ஆறத் தாமதம் ஆகிறது. கிருமிகள் பெருகுகின்றன. அவை எலும்பு வரை போகலாம்.

வலி என்பது நம் உடம்பின் காவல்காரன். காவல்காரன் இல்லாத வீட்டை நாம்தான் கண் விழித்துக் காக்க வேண்டும்.

மருத்துவமனையில் என்ன செய்தார்கள்?

முதலில் இன்சுலின் ஊசி போட்டுச் சர்க்கரையைக் குறைத்தார்கள். கிருமியைக் கொல்லும் மருந்து ஏற்றினார்கள். தடுப்பூசியும் போட்டார்கள். எக்ஸ்ரே எடுத்து எலும்பைப் பார்த்தார்கள். பாதத்தின் மேல் கை வைத்து நாடி பார்த்தார்கள். ஒரு கருவியை வைத்து ரத்த ஓட்டத்தின் ஓசையையும் கேட்டார்கள். அவருக்கு ரத்த ஓட்டம் நன்றாக இருந்தது.

சிலருக்கு ரத்தக் குழாய் அடைத்திருக்கும். அவர்களுக்குப் பலூன் வைத்து அடைப்பை நீக்குவார்கள். அல்லது காலில் உள்ள வேறொரு ரத்தக் குழாயை எடுத்து மாற்றுவழி அமைப்பார்கள்.

அன்று இரவே அறுவைச் சிகிச்சை நடந்தது. சீழை வெளியேற்றினார்கள். செத்த சதையை வெட்டி எடுத்தார்கள். கறுத்த விரலைக் காப்பாற்ற முடியவில்லை. அதன் எலும்பும் கெட்டிருந்தது. விரலை எடுத்தார்கள். மூன்று நாள் கழித்து மீண்டும் ஒருமுறை சுத்தம் செய்தார்கள். அவருடைய பாதம் தப்பியது.

புண் பெரிதாக இருந்தால், தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்து மேலே வைப்பார்கள். அவருக்கு அது தேவைப்படவில்லை.

மாவுக்கட்டின் கதை

சீழ் நின்றது. பிறகு பாதத்துக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். “எலும்பு முறியவில்லையே, எதற்கு மாவுக்கட்டு?” என்று அவர் கேட்டார்.

நடக்கும்போது உடம்பின் பாரம் புண்ணின் மேல் விழும். அப்போது புண் ஆறாது. மாவுக்கட்டு அந்தப் பாரத்தைப் பாதம் முழுவதும் பரப்புகிறது. புண்ணுக்கு ஓய்வு கிடைக்கிறது.

டாக்டர் பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் பிறந்தார். 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணி செய்தார். தொழுநோயாளிகளின் கால் புண்களைக் கவனித்தார். அவர்களுக்கு வலி தெரிவதில்லை. அதனால் புண்ணின் மேலேயே நடக்கிறார்கள். மாவுக்கட்டுப் போட்டு ஓய்வு கொடுத்தால் புண் ஆறுகிறது. இதை அவர் கண்டார். 1966-ல் அவர் அமெரிக்காவுக்குப் போனார். அங்கே சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கும் இந்த முறை உதவியது.

மீண்டும் தள்ளுவண்டி

மூன்று மாதம் கழித்துப் புண் ஆறியது. இப்போது அவர் காலில் எம்.சி.ஆர். செருப்பு இருக்கிறது. அது மெத்தென்று இருக்கும். பாதத்தை அழுத்தாது. தெருத்தெருவாக அவர் அலைவதில்லை. ஓரிடத்தில் வண்டியை நிறுத்தி, ஸ்டூலில் உட்கார்ந்து விற்கிறார். வருமானம் கொஞ்சம் குறைவுதான். மாத்திரையை மறப்பதில்லை. தினமும் இரவு மனைவி அவர் பாதத்தைப் பார்க்கிறார்.

“அன்றே வந்திருந்தால் விரலும் இருந்திருக்கும்” என்பார் அவர்.

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு ஒரு கணக்குச் சொல்கிறது. நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் ஒருவருக்கு இருக்கலாம். இன்று இரவே அவர் பாதத்தைப் பாருங்கள்.

நினைவில் வையுங்கள்

1. தினமும் பாதத்தையும் விரல் இடுக்குகளையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.
2. வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காதீர்கள்.
3. செருப்பைத் தட்டி, திருப்பிப் பார்த்த பிறகு போடுங்கள்.
4. காலைக் கழுவி, விரல் இடுக்கில் ஈரம் இல்லாமல் துடையுங்கள்.
5. வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். கால் வெந்தாலும் தெரியாது.
6. கால் ஆணியைப் பிளேடால் அறுக்காதீர்கள்.
7. பீடி, சிகரெட்டை விடுங்கள். அவை ரத்தக் குழாயை அடைக்கும்.
8. காலில் புண், வீக்கம், கறுப்பு, நாற்றம் கண்டால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். வலிக்காத புண்தான் ஆபத்தானது.

விடை சொல்லுங்கள்

1. ஆணி குத்தியது அவருக்கு ஏன் தெரியவில்லை?
2. புண் ஆறாமல் இருக்க மூன்று காரணங்கள் என்ன?
3. மாவுக்கட்டு புண்ணுக்கு எப்படி உதவுகிறது?
4. “கத்தி வைத்தால் ஆறாது” என்று ஒருவர் சொன்னால் நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? நான்கு வரி எழுதுங்கள்.