அஞ்சறைப் பெட்டியும் நாங்களும்

சென்ற ஆடி மாதம் எங்கள் அம்மாவிற்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. ஒரு மாத காலம் அடுப்படிப் பக்கமே வரக்கூடாது என்று மருத்துவர் கூறிவிட்டார். ஆச்சிக்கோ கண் பார்வை மங்கல். ஆகவே, குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டுச் சமையல் அக்கா, தங்கை இருவர் கைக்கும் வந்து சேர்ந்தது. அதுவரை நாங்கள் கற்றிருந்தது வெந்நீர் போடுவதும் அப்பளம் பொரிப்பதும்தான்!

முதல் நாள் புளிக்குழம்பு. கடுகு, உளுந்து, வெந்தயம் மூன்றையும் ஒன்றாகக் கொட்டினோம். கடுகு வெடிப்பதற்குள், "ஏட்டி, வெந்தயம் கரியுது! சட்டியை இறக்கு!" என்று கட்டிலில் இருந்தே ஆச்சி குரல் கொடுத்தார்கள். குழம்பு கசந்தது. அப்பா ஒன்றும் சொல்லாமல் மோர் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தார். ஏசியிருந்தால்கூட எங்களுக்கு அவ்வளவு வருத்தம் இருந்திராது.

அன்று மாலை ஆச்சி அஞ்சறைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பாடம் நடத்தினார்கள். எண்ணெய் காய்ந்ததும் முதலில் கடுகு. அதனுள் இருக்கும் ஈரம் ஆவியாகித் தோலைப் பிளப்பதே அந்தப் படபடப்பு. அது அடங்கியபின் உளுந்து. உளுந்து சிவந்ததும் தீயைக் குறைத்து வெந்தயமும் பெருங்காயமும். இவற்றின் மணம் தண்ணீரைவிட எண்ணெயில் நன்றாக இறங்கும் என்பதால்தான் தாளிக்கிறோமாம்.

இரண்டாவது தவறு பெரியது. மலிவாகக் கிடைத்ததென்று ஒரு கிலோ மிளகாய்த்தூள் வாங்கி, மூடி சரியில்லாத டப்பாவில் கொட்டி வைத்தோம். நம் ஊர்ச் சாரலைப் பற்றிச் சொல்லவா வேண்டும்! சில நாளில் தூள் கட்டிபட்டுப் பூசணம் பூத்துவிட்டது. மேலாக எடுத்துவிட்டு வெயிலில் காயவைக்கலாம் என்று நினைத்தோம். நல்லவேளை, அறிவியல் ஆசிரியையிடம் கேட்டோம். சில பூஞ்சைகள் ஈரலைக் கெடுக்கும் அப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். கொதிக்க வைத்தாலும் அது முழுவதும் அழியாது என்றார்கள். உடம்பு தேறிவரும் அம்மாவிற்கு அதையா போட இருந்தோம்! முழுவதையும் குழி தோண்டிப் புதைத்தோம்.

இப்போது மல்லி, மிளகு, சீரகம் ஆகியவற்றை முழுதாக 100 கிராம் அளவில் வாங்கி, வேண்டும்போது வறுத்துத் திரிக்கிறோம். பொடித்தால் மணம் விரைவில் பறந்துவிடும். வற்றலைச் சாரலுக்கு முன்பே, வைகாசி வெயிலில் காயவைத்துவிட வேண்டும். உப்பு மட்டும் ஜாடியில். ஈரக் கரண்டிக்கு எங்கள் வீட்டில் தடை!

மிளகாய் நம் நாட்டுப் பொருளே அன்று. அமெரிக்காவிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் வழியாக வந்தது. அதற்குமுன் காரத்திற்கு மிளகுதான். பெருங்காயமும் ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கத்துச் செடியின் பால். 2020இல்தான் இமாசலப் பிரதேசத்தில் நட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள்.

ஆவணியில் ஒருநாள் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் செய்தோம். அம்மா ஒரு வாய் வைத்து, "உப்பு ஒரு கல் கூடுதல்" என்றார்கள். பிறகு தட்டை மறுபடியும் நீட்டினார்கள்.